மைசூர்பாகு கொடுத்து விடைபெற்றவர்

எவர்சில்வர் சொம்புக்குள் போனை நிறுத்திவைத்துவிட்டு நாகலக்ஷ்மி பீன்ஸ் நறுக்குகிறார். ஸ்பீக்கரில் ஓடும் காத்திருப்பு இசை சொம்புக்குள்ளிருந்து கணீரென்று சமையலறை முழுக்கக் கேட்கிறது. “ஹம்சத்வனி மாதிரிதான் ஆரம்பிக்கும், அப்புறம் எங்கயோ காணாம போயிடும்” என்பார் அதைப் பற்றி. நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும். அப்போது மட்டும் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அது பதிவு செய்த குரல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒருத்தர் பேசும்போது காய் நறுக்கிக்கொண்டிருப்பது மரியாதையில்லையாம்.

வீடு டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில், வேலை பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில். வேலை என்று இனிமேல் சொல்வதற்கில்லை. ஒரே டெலிகாம் கம்பெனியில் இருபது வருடம் டெஸ்டராக இருந்தார். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததை எழுதியவர் மனம் நோகாமல் சொல்வதும்தான் தொழில். கணவர் ஜம்புநாதன் கொரோனாவில் போன பிறகு வீட்டுக் கடன், மகள் தீக்ஷாவின் காலேஜ் எல்லாமே இந்த ஒரு சம்பளத்தில் ஓடின. பிப்ரவரியில் அதுவும் நின்றுவிட்டது. வேலை இழந்தவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் உதவித்தொகை வந்தால் அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் விற்க வேண்டியதுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா என்பது அதில் ஒன்று. ஊரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று தட்டிவிட்டுப் போகிற இடம் அது. நாகலக்ஷ்மி அங்கே நின்று யோசித்தார். சனிக்கிழமை அனுமார் கோயில் சமையலறையில் பூசணிக்காய் நறுக்கியிருக்கிறார். அது வேலையில்லாமல் வேறென்ன? ஆமாம் என்று போட்டார். முதலாளி பெயர் கேட்டது, கோயில் பெயரைப் போட்டார். சம்பளம் கேட்டது, பூஜ்யம் என்று போட்டார். அவ்வளவுதான், அவர் விண்ணப்பம் விசாரணைக்குப் போய்க் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. தீக்ஷா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அம்மா, ஹூ டஸ் தட்?”

“கேட்டாங்க, சொன்னேன். சாமி விஷயத்துல பொய் சொல்ல சொல்றியா?”

கிணற்றைத் தூர்வாரி அந்தக் கல்லை எடுக்கத்தான் தினமும் இந்தப் போன். ஒருவழியாக யாராவது லைனில் வந்தால் முதலில் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்வார். ஒரு பெண்ணுக்கு ஓயாத இருமல் என்று தெரிந்து, மிளகுப்பாலுக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்ததில் லைனே அறுந்துபோனது. மறுநாள் மறுபடி ஹம்சத்வனி. இத்தனைக்கும் நடுவில் அரசாங்க இணையதளத்தில் ஒரு பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, படம் பிடித்து, எப்படிச் செய்தால் கோளாறு வரும் என்று படிப்படியாக எழுதியும் அனுப்பிவைத்தார். “பாவம், அவங்களுக்கு யார் சொல்லுவா” என்றார். பதில் வரவில்லை.

கோயில் சிக்கல் ஒருவாறு தீர்ந்ததும் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. நீங்கள் விருப்பப்பட்டு வேலையை விட்டவர், ஆகையால் உதவித்தொகை கிடையாது என்று முடிவு வந்தது.

இதற்கு மூலகாரணம் பத்ரி. நாகலக்ஷ்மியின் மேனேஜர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். டெக்சாஸுக்கு வந்த புதிதில் சமைக்கத் தெரியாமல் பிரெட்டும் ஜாமுமாக இருந்தவனுக்கு வாராவாரம் டப்பாவில் சாம்பார் கொடுத்து அனுப்பியவர் இவர். பிப்ரவரியில் ஒருநாள் அவன் இவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். “அக்கா, லே-ஆஃப் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. நீங்களே ரிசைன் பண்ணி ஒரு மெயில் போட்டுட்டா கௌரவமா இருக்கும். ரெஃபரன்ஸ் நான் பாத்துக்கறேன்.”

தானாக விலகுகிறவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை, அதில் கம்பெனிக்குத்தான் லாபம் என்பது அவருக்கு அன்று உறைக்கவில்லை. தம்பி மாதிரிப் பையன் நம் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்றுதான் நினைத்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அழகான ஆங்கிலத்தில் பிரிவு மடல் எழுதினார். புதிய வாய்ப்புகளைத் தேடி நானாகவே முடிவெடுத்துப் போகிறேன், இந்த இருபது வருடமும் என் பாக்கியம் என்று. கடைசி நாளில் எல்லோருக்கும் மைசூர்பாகு செய்துகொண்டுபோய் மேஜை மேஜையாகக் கொடுத்தார். அழுதுகொண்டு வெளியே போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாதென்று அதில் நெய்யும் ஊற்றிவிட்டு வந்தார்.

மேல்முறையீடு செய்தார். மகள் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: “ஜஸ்ட் ஸே தே ஃபயர்ட் யூ.” அந்த வார்த்தையே அவருக்கு ஆகாது. “ஃபயர்ட்னு சொல்லாத கண்ணா. ஏதோ கல்லாப்பெட்டில கை வெச்ச மாதிரி இருக்கு.” கோயிலுக்குப் போவதையும் விட்டிருந்தார். வரிசையில் நிற்கும்போது எங்கே வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நேர்காணல்களில் இளம்பிள்ளைகள் சிரித்துப் பேசி அனுப்பிவைத்தார்கள், பிறகு பேச்சுமூச்சில்லை. ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு பயமா இருக்கு” என்றார் மகளிடம். தீக்ஷா அந்தக் கரண்டியை எடுத்து அம்மாவின் தட்டில் சோறு வைத்தாள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்ரி வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். கம்பெனி தரப்பில் அவன்தான் சாட்சியாம். “நான் ஹெச்-ஒன் விசால இருக்கேன்க்கா. வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல ஊருக்கு கிளம்பணும். ஹம்சாவுக்கு இது ஆறாம் மாசம்” என்றான், மனைவியைச் சொல்லி. நாகலக்ஷ்மி அவனைத் திட்டவில்லை. காபி கலந்துகொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

விசாரணை போனில்தான். இருந்தாலும் இஸ்திரி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, சமையல் மேடைக்கு எதிரில் எழுந்து நின்றார். சத்தியப் பிரமாணம் கேட்டபோது யாரும் பார்க்காத சமையலறையில் வலது கையைத் தூக்கினார். தீக்ஷா காலேஜுக்குப் போகும் முன் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தாள். பத்ரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பெயர் லிஸ்டில் இருக்கிறது என்று நீதானே அந்த அறையில் சொன்னாய்? சத்தியம் செய்தவன் உண்மையைச் சொன்னால் தீர்ப்பு திரும்பும்.

விசாரணை அதிகாரி பொறுமைசாலி. பிரிவு மடலை வரிவரியாகப் படித்துவிட்டு, நீங்கள்தானே எழுதினீர்கள் என்றார். ஆமாம். எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா? வற்புறுத்தவில்லை, யோசனை சொன்னார்கள் என்றார். யார் என்று கேட்டதற்கு, கம்பெனியில் என்று மட்டும் சொன்னார்.

அடுத்து பத்ரி. மனப்பாடம் செய்ததுபோல் நிறுத்தாமல் பேசினான். அது அவரே எடுத்த முடிவு, அவர் விலகாவிட்டால் வேலையில் வைத்துக்கொண்டிருப்போம். சந்தோஷமாகத்தான் போனார், எல்லோருக்கும் ஸ்வீட் கூடக் கொடுத்தார்.

அதிகாரி, சாட்சியிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றார். இதுதான் உங்களுக்கான சந்தர்ப்பம், அவசரமில்லை என்றும் சொன்னார். மறுமுனையில் பத்ரி மூச்சு விடுவது கேட்டது.

“ஒன் மினிட், சார்” என்றார் நாகலக்ஷ்மி. போனைக் கையில் எடுத்து, மியூட் பொத்தானை அழுத்தினார். சரியாக அழுந்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பத்ரி, நான் சந்தோஷமாவா போனேன்?”

பிறகு பொத்தானை விடுவித்து, “நோ கொஸ்டின்ஸ், சார்” என்றார்.