துக்கம் விசாரிக்க வந்த தலைவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஒரு கட்சித் தலைவர் அறிவித்த பந்த் அன்று விடிந்ததும் என் மனைவிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பஸ் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு கைவண்டியில் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரி நோக்கித் தள்ளிக்கொண்டு போனோம்.

திருவொற்றியூரில் சாலையின் குறுக்கே டயர் எரிந்துகொண்டிருந்தது. கட்சிக்காரர்கள் மறித்தார்கள்.

"தலைவர் உத்தரவு. ஒரு வண்டியும் போவக் கூடாது."

"பொம்பள துடிச்சிகினு கீறா, கண்ணு தெர்ல?" என்று அண்ணன் கத்தினார்.

யாரோ ஒரு பெரியவர் வந்து அதட்டிய பிறகுதான் விட்டார்கள். அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. பிறந்த பெண் குழந்தை அழவே இல்லை.

வீடு திரும்பிய பிறகு என் மனைவியும் அழவில்லை. நானும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம். ஷிப்டுக்குப் போனேன், வந்தேன், போட்டதைத் தின்றேன்.

விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது. எட்டாம் நாள், பந்த் அறிவித்த அந்தத் தலைவரே வீட்டுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து, என் மனைவியின் தலையில் கை வைத்து "தங்கச்சி" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த போட்டோகிராபரின் பிளாஷ் பல்பு எரியவில்லை.

"ஐயா, இன்னொரு வாட்டி."

தலைவர் மறுபடியும் துண்டைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

கிளம்புமுன், பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார்: "கொழந்த யாரு ஜாடைம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா ஜாடை, ஐயா. மூக்கு மட்டும் இவரு மாரி." சொல்லும்போதே உடைந்து, கூட்டத்தின் நடுவில் வாய்விட்டு அழுதாள்.

குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. துணி சுற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு சொன்னேன்: "அவன் நடிச்சிட்டுப் போறான். எல்லாமே அவனாலதான்."

"தெரியும்யா," என்றாள். "ஆனா கேட்டான் இல்ல?"

பொய்க் கண்ணீருக்கு மதிப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என் நெஞ்சில் இருந்தது உண்மையான துக்கம். அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது?

அடுத்த தேர்தலில் அவருக்கே ஓட்டுப் போட்டதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.