மாதா படத்தடியில் ஒரு கறுப்பு வைன்

டெக்சாஸ் இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர்வீட்டுக்காரர் சத்தியசீலன், இலங்கை மன்னார்க்காரர். தொண்ணூற்றாறில் நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். அண்ணன் என்று கூப்பிட்டேன். லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்டில் வைன் பரிமாறுவது அவர் வேலை. எனக்கு வைன் என்றாலே இருமல் மருந்துதான் ஞாபகம் வரும். ஆனால் அண்ணன் பேசத் தொடங்கினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

கல்யாணமான மூன்றாம் மாதமே போர் துரத்த, மனைவி பத்மராணியை ஊரில் விட்டுவிட்டு பிரான்ஸுக்குப் போனவர் அவர். காவோர் என்ற ஊரில் இரண்டு வருடம் திராட்சை பறித்தார். அந்த ஊரைச் சொல்லும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். லோட் ஆறு ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகுமாம். விடியற்காலையில் பனி எழுந்தால் ஆறும் தெரியாது, மலையும் தெரியாது, கையிலிருக்கும் குலை மட்டும் கறுப்பாகத் தெரியுமாம். அதனால்தானோ என்னவோ, அந்த வைனை அங்கே கறுப்பு வைன் என்பார்களாம்.

"நம்ம மட்டன் குழம்புக்கு செட் ஆகுமாண்ணே?"

"உறைப்போட சேராது தம்பி. இதின்ர துவர்ப்பும் மிளகாயும் சண்டை பிடிக்கும். அங்க வாத்தை அதின்ர கொழுப்பிலேயே வேக வைச்சுச் சாப்பிடுவினம். இல்லாட்டி செம்மறி இறைச்சி, உப்பும் மிளகும் மட்டும்."

தொண்ணூற்றிரண்டில் அமெரிக்கா வரும்போது தோட்டக்காரர் அவருக்கு ஒரு போத்தல் கொடுத்திருந்தார். தொண்ணூறாம் வருட அறுவடை. அண்ணன் பறித்த பழமும் அதில் உண்டு. பத்மா வந்ததும் முதல் சாப்பாட்டோடு திறப்பது என்று தன் ஊர்ப்பக்கத்து மடுமாதாவிடம் நேர்ந்து, வீட்டிலிருந்த அவள் படத்துக்கு முன்னால் விளக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். பத்மாவின் விசா பேப்பர்களோ வருடா வருடம் எங்கேயாவது மாட்டிக்கொண்டன. ரெஸ்டாரண்டில் கார்க் காயாதபடி வைனைப் படுக்கவைத்து, குளிர் குறைகிறதா என்று பத்து தடவை எட்டிப்பார்க்கும் மனுஷன், வீட்டில் வேலைக்குப் போகும்போது ஏசியை நிறுத்திவிட்டுப் போவார். டெக்சாஸ் வெயிலில்! மாதாவிடம் கொடுத்ததை மாதா பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை. எனக்கு இன்றும் அவர்மேல் கோபம்தான்.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் ஒரு நள்ளிரவு பத்மா அக்கா வந்து சேர்ந்தார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். செம்மறி இறைச்சி மிளகோடு வெந்திருந்தது. கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது.

"பழுதாப் போச்சு பத்மா. நீர் என்னோட இல்லாத வருசமெல்லாம் இதுக்குள்ளதான் இருந்தது. உமக்குக் காட்ட வேற ஒண்டும் இல்லை."

அவர் அழுதார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கிளாஸில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை.

"ஏழு வருசம் தனிய நிக்க விட்டா ஆருக்கும் புளிக்கும் தானேயப்பா? எனக்கும்தான் புளிச்சது."

பிறகு போத்தலை எடுத்து மூடினார். "நல்ல வினாகிரி. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து பண்டிக்கறி வைப்பம். கொட்டிப் போடாதேங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறியை நான் மறக்கவில்லை. கறுத்து, காரமாக, வினிகர் புளிப்போடு, அடியில் எங்கேயோ திராட்சை வாசனையோடு இருந்தது. அண்ணன் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். சாப்பிடும்போதே கண்ணை மூடினார். ஆற்றங்கரைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

"என்னப்பா, எங்க போட்டியள்?" என்றார் அக்கா.

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ஒரு இடமும் போகேல்லை. கறி போடும்."