விமானத்துக்குக் கம்பி தேடியது

எனக்கு வாய் நீளம் என்பது அக்குறணையில் எங்கள் தெருவுக்கே தெரியும். பத்து வயதில் அந்த வாயால் நான் செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரிவதில்லை.

கத்தாரிலிருந்து லீவில் வந்த மாமா எனக்கு ஒரு விமானப் பெட்டி கொண்டுவந்தார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் சின்ன விமானம். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு. பெட்டியின் மேல் இருந்த படத்தில் இரண்டு சிறகுகளுக்கும் நடுவே குறுக்கும் மறுக்குமாகக் கம்பிகள் ஓடின. பெட்டிக்குள் கம்பியைக் காணோம். செய்முறைத் தாளில் அந்த இடங்களில் புள்ளிக்கோடு போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருந்தார்கள். ஒட்டி முடித்துப் பார்த்தால் விமானம் பல் விழுந்த வாய்போல இருந்தது. எனக்குப் பொறுக்குமா?

உம்மாவின் தையல் நூலைக் கட்டினேன். கிட்டத்தில் பார்த்தால் ஒரே பிசிர். வாப்பாவை நச்சரித்துக் கண்டிக்குப் போய்த் தூண்டில் நரம்பு வாங்கிவந்தேன். அது கண்ணாடிபோல மினுங்கியதோடு சுருண்டும் கொண்டது. பழைய ரேடியோவைக் கழற்றிச் செப்புக் கம்பி உருவினேன். ஒரு தடவை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. உண்மையான விமானத்தில் இருப்பது உருக்குக் கம்பி, இத்தனை சிறிதாக்கினால் அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும் என்று மாமா விளக்கம் சொன்னார். இவ்வளவு விளக்கம் தெரிந்த மனிதர் ஒரு முழம் கம்பியையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கலாம்.

சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இன்னும் கலியாணம் சரிவரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் தலை முழுகி முடியை உலர்த்தும்போது நரை தேடிப் பிடுங்குவது என் பொறுப்பு.

"நரைய புடுங்கப்படாது, பாவம்" என்பாள் உம்மா.

"ஒங்களுக்கு மாப்புள இரிக்கி, நீங்க சொல்லலாம் ராத்தா" என்பாள் சாச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை, பிடுங்கிய முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேராக, விறைப்பாக, அசல் உருக்கின் நிறத்தில் இருந்தது. அல்லாவே, இத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டா ஊரெல்லாம் அலைந்தேன்! சாச்சியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எடுத்துக்கோ. ஆருக்கும் சொல்லிராத."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். ஈர்க்கு நுனியால் பசை தொட்டு ஒவ்வொரு முடியாக இழுத்து ஒட்டினேன். மூன்று வெள்ளிக்கிழமை நரை அதற்குச் சரியாகப் போதுமாக இருந்தது. வாப்பாவே அதை எடுத்து முன்னறை ஷோகேசில் வைத்தார்.

அடுத்த மாதம் சாச்சியைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய உம்மா, தரகர். சாச்சிக்கு இருபத்தெட்டு என்று தரகரிடம் சொல்லியிருந்தார்கள். உண்மை வயது முப்பத்துநாலு. இது சரிவராவிட்டால் இனித் தேடுவதில்லை என்று வாப்பா முதல்நாளே சொல்லியிருந்தார். உம்மா விடிந்ததிலிருந்து வட்டிலப்பம் அவித்துக்கொண்டும் துஆ கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஷோகேசைப் பார்த்துவிட்டு எழுந்தார். சின்ன வயதில் தானும் இப்படிச் செய்ததாகச் சொல்லி விமானத்தைக் கையில் எடுத்தார். சாச்சி தட்டோடு வாசல்நிலையில் நின்றாள். பால்காரன் வந்தால்கூட முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுகிறவள் அவள். அவளுடைய முடியை ஓர் அன்னிய ஆண் விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கம்பி மகள்? நானும் எவ்வளவோ தேடின. கடையில இப்படி மெல்லிசா கெடைக்கல்லயே."

என் கைவேலையை ஒருவர் உண்மையாக மெச்சியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கம்பி இல்ல மாமா. எங்கட சாச்சிட நரமுடி!"

அவர் சூடு பட்டதுபோல விரலை எடுத்தார். விமானத்தைத் திரும்ப வைக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். அவருடைய உம்மா மெதுவாகக் கேட்டார்.

"நரையா? இருவத்தெட்டு வயசுக்கா?"

"இல்ல, முப்பத்திநாலு" என்று நான் திருத்தினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான்தான் கெட்டது. நான் கெடுத்தது சாச்சியை.

வட்டிலப்பத்தை மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வந்த வேன் தெருமுனை திரும்புமுன் உம்மா என்னைப் பிடித்து அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது சாச்சி குறுக்கே வந்தாள்.

"அடிக்காதீங்க ராத்தா. புள்ள பொய் சொல்லல்லயே. பொய் சொன்ன நாங்கதானே."

அவள் குரலில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. என் கட்சி ஜெயித்துவிட்டது என்பதுதான் எனக்கு விளங்கியது. உம்மாவைப் பார்த்து மூக்கைச் சுளித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் குர்ஆன் மத்ரஸாவில் மௌலவி உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். கஷ்டமான நேரத்திலும் உண்மை சொன்னவர்கள் இங்கே யாராவது உண்டா என்று கேட்டார். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நான் எழும்பினேன். விமானம், நரைமுடி, மாத்தளை மாப்பிள்ளை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். மௌலவி பாதியிலேயே உட்காரச் சொன்னார். என்மேல் பொறாமைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து முதலில் சாச்சியிடம்தான் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வயசையும் சொன்னியா மகள்?"

"சரியாச் சொன்னேன் சாச்சி" என்றேன். அவள் என்னை மெச்சுவாள் என்று அங்கேயே நின்றேன்.