இடது தோளில் இழுக்கும் சுடிதார்

"அக்கா, டிரையல் ரூம் பக்கம் மட்டும் என்னை நிக்க சொல்லாதீங்க. வேற எங்க போட்டாலும் நிக்கிறேன்."

கலைவாணி இதைச் சொன்ன காலையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவள் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. பௌர்ணமி நாளில் கிரிவலம் முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் மொத்தமும் கடைக்குள் ஏறிவிடும். அந்த நெரிசலிலும் சத்தம் போட்டு வரிசைப்படுத்துகிற பெண். அவளே தலையைக் குனிந்துகொண்டு அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. காரணம், அந்த இடத்தில் நிற்க எனக்கும் பிடிக்காமல் போயிருந்தது.

திருவண்ணாமலையில், தேரடி வீதியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த மூன்று மாடித் துணிக்கடை அது. இரண்டாம் மாடி ரெடிமேட் பிரிவுக்கு நான் இன்சார்ஜ், கலைவாணி எனக்குக் கீழே சேல்ஸ் கேர்ள். துணிக்கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது விற்பனைத் தந்திரங்களைப் பற்றித்தான். நான் சொல்வதோ பெரும்பாலும் இந்தக் கதையைத்தான்.

1. நடிகை பெயரில் வந்த சரக்கு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். ஒரு நடிகை தானே டிசைன் செய்தது என்று சொல்லி ஒரு கம்பெனி சுடிதார் செட்டுகளை இறக்கியது. நடிகையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அப்போது வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், அவ்வளவு போதும். விலை கம்மி. சாதாரண சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய விலைதான். மாடிப்படி ஏறியவுடன் ஆள் உயரத்தில் அவருடைய படத்தை நிறுத்தினோம்.

சரக்கோடு வந்த கம்பெனி ரெப்ரசென்டேடிவ் பெருமையாக ஒன்று சொன்னார். மற்ற கம்பெனிகள் பேரை மட்டும்தான் வாங்கிப் போடுவார்கள், இது அப்படியில்லை, மேடம் தன் சொந்த சுடிதாரையே அளவுக்குக் கொடுத்தார், அதை வைத்து வெட்டிய பேட்டர்னிலிருந்துதான் எல்லா சைஸும் வந்திருக்கிறது என்றார். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, போட்டுப் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுத் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். சரியாகப் போனால் பக்கத்து ஊரில் திறக்கப்போகும் கடைக்கும் மொத்தமாக எடுக்கலாம் என்பது அவர் கணக்கு.

முதல் இரண்டு மூன்று நாள் வழக்கமான பேச்சுதான். டிவியில் பளபளவென்று இருந்தது, கையில் எடுத்தால் டல்லாக இருக்கிறது என்றாள் ஒரு காலேஜ் பெண். இதை அந்த நடிகை வீட்டில் போட்டுக்கொண்டு இருப்பாரா என்று இன்னொருத்தி கேட்டுச் சிரித்தாள். சாயம் நிற்குமா என்று கேட்காதவர்களே இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவரின் மனைவி ஒருவர் கொஞ்சம் வெட்கத்தோடு, அந்த அம்மா மாதிரி ஒரு நாளாவது தெரிய மாட்டோமா என்ற ஆசையில்தான் எடுக்கிறேன் என்றார். இப்படிப்பட்ட சரக்கு விற்பதே அந்த ஆசையில்தான்.

அதற்கப்புறம்தான் வேறு மாதிரி ஒரு பேச்சு வந்தது.

2. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்

முதலில் சொன்னவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். டிரையல் ரூமிலிருந்து வெளியே வந்தவர், கதவைத் தாண்டியதும் இடது பக்கமாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருக்குது. ஆனா யாரோ தோள்மேல கை வெச்ச மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் இன்னொருவர், முதலாமவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத போளூர்க்காரப் பெண், அதையே சொன்னார். மறுநாள் வேறு இரண்டு பேர். வார்த்தைகூட அதிகம் மாறவில்லை. சொல்லாதவர்களும் வெளியே வந்ததும் இடது பக்கம் திரும்பிப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார்கள். பின்னால் கண்ணாடியும் ஆணியில் தொங்கிய அவர்கள் பழைய துணியும்தான் இருந்தன.

உள்ளூரில் ஒருவருக்கொருவர் பேசிப் பரப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பௌர்ணமிக்கு வெளியூர்க் கூட்டம் வந்தபோது அந்த நினைப்பும் போயிற்று. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் தெலுங்கில் அதையே சொன்னார்கள். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வெளியே வந்ததும் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

கலைவாணியைப் பயமுறுத்தியது வேறொருவர். காதும் கேட்காத, வாயும் பேசாத ஒரு பெண்ணை அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தன் வலது கையைத் தூக்கி இடது தோளில் வைத்து, மெல்ல அழுத்திக் காட்டினாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, யார் என்று சைகையால் கேட்டாள். கலைவாணி பக்கத்திலேயே நின்றிருந்தாள். மறுநாள் காலையில்தான் என்னிடம் வந்து, டிரையல் ரூம் பக்கம் நிற்க மாட்டேன் என்றாள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் டிரையல் ரூமில் சூடம் காட்டச் சொன்னார். காட்டினோம். ஒன்றும் மாறவில்லை. வியப்பு என்னவென்றால், சரக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தது. விலை கம்மி, நடிகையின் பெயர். பேசிக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

ஒரு மத்தியான வேளையில் கூட்டமில்லாதபோது, கலைந்து கிடந்த டாப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். தோளோடு தோள் சேர்த்து இரண்டாக மடித்தால் எந்த டாப்பாக இருந்தாலும் ஓரம் ஒன்றாக வரும். இது வரவில்லை. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் அகலம் குறைவாக இருந்தது, சரிவும் அதிகம். கை சேர்த்துத் தைக்கிற கைக்குழியும் அந்தப் பக்கம் சின்னது. தையல் தவறு என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. எல்லா சைஸும், எல்லா கலரும் அப்படியே.

நடிகையின் சொந்த சுடிதாரை அளவாக வைத்து வெட்டியது என்று ரெப் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. தோள் சமமாக உள்ள பெண் இதைப் போட்டால் இடது பக்கம் அழுத்தத்தான் செய்யும். காரணம் தெரிந்துவிட்டதே என்று தைரியமாக நானே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தெரிந்தும் பயனில்லை. கண்ணாடியில் நான் தனியாகத்தான் நின்றேன். ஆனாலும் பின்னால் திரும்பாமல் என்னால் வெளியே வர முடியவில்லை.

அந்த நடிகையின் தோள் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி எனக்கு அன்று எழவில்லை. அது எழுந்தது புவனாவைப் பார்த்த பிறகு.

3. ஒருவருக்கு மட்டும்

புவனா, ஊரை ஒட்டியிருக்கும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர். முப்பது வயதிருக்கும். எப்போதும் புடவைதான் எடுப்பார், அதையும் சீக்கிரமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று ஆபீஸ் தோழி ஒருவர் வற்புறுத்தியதால் நடிகை சுடிதாரைப் போட்டுப் பார்க்க உள்ளே போனார். நான் வெளியே காத்திருந்தேன். இவரும் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பவில்லை. நேராக வந்து, பெரிய கண்ணாடி முன்னால் நின்று, தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதாங்க எனக்குச் சரியா உக்காருது. ஜாக்கெட் தெச்சா எப்பவும் ஒரு பக்கம் தூக்கிக்கும். இது தூக்கல."

அப்போதுதான் அவர் தோளைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, இடது பக்கத்துக் காறை எலும்பு உடைந்து தாறுமாறாகச் சேர்ந்த மாதிரி மேடு தட்டியிருந்தது. தோள் உள்ளே இறங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் துப்பட்டாவை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு செட் எடுத்துக்கொண்டு போனார். யாருக்கும் பொருந்தாத ஒரு துணி இவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அப்படியென்றால் அளவு கொடுத்தவருடைய தோளும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

4. அளவு கொடுத்தவர்

கார்த்திகைத் திருவிழா நெருங்கும்போது நடிகையே எங்கள் கடைக்கு வருவதாக ஏற்பாடானது. காலை பத்து மணிக்கெல்லாம் தெரு அடைத்துவிட்டது. கணவரோடு வந்து இறங்கினார். அவருடைய கால்ஷீட், விளம்பரம் எல்லாவற்றையும் கணவர்தான் கவனித்துக்கொள்கிறார் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மரியாதையான மனிதர். எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். காரிலிருந்து இறங்கியது முதல் இரண்டாம் மாடி ஏறும்வரை அவருடைய கை மனைவியின் இடது தோளிலேயே இருந்தது. கூட்டத்தில் இடித்துவிடக் கூடாதே என்று பிடித்திருக்கிற மாதிரிதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கலைவாணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டோவுக்காக நடிகை எங்கள் கடையில் இருந்த அந்தச் சுடிதார்களில் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. உதவிக்கு நான் உள்ளே போனேன். இடது கையை ஓரளவுக்கு மேல் அவரால் தூக்க முடியவில்லை. நான்தான் கையை நுழைத்துவிட்டேன். புவனாவிடம் பார்த்த அதே மேடு, அதே இடத்தில். துணி அவர் மேல் ஒரு சுருக்கமும் இல்லாமல் விழுந்தது.

கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, மெதுவான குரலில், வாங்குபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நல்லாயிருக்கிறது என்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் முதலாளியின் கட்டளை. அந்த முகத்தைப் பார்த்து என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"தோள்மேல யாரோ கை வெச்ச மாதிரி இருக்குதுனு சொல்றாங்க மேடம். நெறைய பேர் சொல்றாங்க."

அவர் கண்ணாடியில் தன் தோளைப் பார்த்தபடி, "ஒருத்தருக்குக்கூடப் பொருந்தலையா?" என்றார்.

"ஒருத்தருக்குப் பொருந்துச்சு. இதே ஊர்ல, வேங்கிக்கால்ல இருக்காங்க. அவங்களுக்கும் உங்களை மாதிரியே எலும்பு."

வெளியே கதவை இரண்டு முறை தட்டி, முடிந்ததா என்று கணவர் கேட்டார். இதோ என்று இவர் குரல் கொடுத்தார். அந்தக் குரல் படத்தில் கேட்கிற மாதிரி அவ்வளவு இனிமையாக இருந்தது. பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அவங்களுக்கு எப்படி ஆச்சுனு கேட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"கேளுங்க. என்கிட்ட யாரும் கேக்கலை."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கை மறுபடி தோளில் வந்து உட்கார்ந்தது. பிளாஷ் வெளிச்சத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் டிரையல் ரூமிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

5. கேட்டேன்

அந்த வாரம் கடையில் எனக்கு லீவு கிடைத்த நாளில் வேங்கிக்கால் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புவனா வெளியே வருவார் என்று அவர் தோழி சொல்லியிருந்தார். கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டுக்குள் ஒரு வேப்ப மரத்தடியில் அவரைப் பிடித்தேன். அன்றும் அதே சுடிதார்தான் போட்டிருந்தார். சுற்றி வளைக்கத் தெரியாமல், தோள் எப்படி உடைந்தது என்று நேராகக் கேட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க கேட்டப்ப அது வாய்ல வரலைங்க."

அவர் கணவரும் ஊரில் நல்ல பெயர் உள்ளவர்தான். புவனா அழவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு பேசினார். என்னென்ன நடந்தது என்பது அவருடைய விஷயம், இங்கே வேண்டாம். செங்கத்தில் அண்ணன் இருப்பதாகவும், அவரிடம் சொன்னதில்லை என்றும் சொன்னார். பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனேன். பேசி முடிக்கும்வரை நான் வெளியே நின்றேன். அடுத்த நாளே அண்ணனும் அண்ணியும் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். வேலையை விடவில்லை. செங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனார். கணவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து சத்தம் போட்டதும் நடந்தது. கூட வேலை செய்தவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்தக் கல்யாணம் கோர்ட் வரைக்கும் போய் முடிந்தது.

நடிகையைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் அந்தச் சரக்கு நின்றுபோனது. அவர் படங்களும் நின்றுபோயின. வெளிநாட்டில் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததாகக் கலைவாணி சொன்னாள். கணவரோடா, தனியாகவா என்று கேட்டேன். அது போடவில்லை என்றாள்.

முதலாளியிடம் கடைசியாகக் கொடுத்த ரிப்போர்ட்டில், தோள் அளவு சரியில்லை, மொத்தமாக எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் வெளியே வந்ததும் நாம் எல்லோரும் சைஸ் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறோம். கேட்டுக்கொண்டே கை அடுத்த துணியைப் பிரிக்கப் போய்விடும். அப்படிச் செய்யாதீர்கள். கேட்டால், கையைச் சும்மா வைத்துக்கொண்டு, அந்த ஆளைப் பார்த்தபடி நில்லுங்கள். சில பேருக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.