காது வரை போன கோடு

தங்கை மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு உடனே பட்டறைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் அண்ணன் வந்தான். அவள் வேலை பார்க்கும் பழைய நாணயக் கடைக்குள் ஒரு பல் டாக்டர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மதிப்புப் பார்க்கக் கொடுத்தப்ப காசு சுத்தமா இருந்துச்சு. இப்ப ராஜா தலையில கோடு! உங்க கடைப் பொண்ணு கீறிட்டா. பல்லுல விரிசல் தேடியே தலை நரைச்சவன் நான், என் கண்ணுக்குத் தப்பாது."

முதலாளி அவளைப் பார்த்தார். "கீறினது நீதான்னா நாளையிலேர்ந்து வராத."

ஒன்பது வருஷ வேலை. அண்ணன் மேஜையை நெருங்கினான். எட்டிப் பார்த்தான், அவன் கண்ணுக்கும் அது கீறல்தான்.

அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். "கீறினா பள்ளம் விழும் சார். இது எழுத்து மாதிரியே மேடா நிக்குது, நிழல் விழற பக்கத்தைப் பாருங்க. காசை அடிச்ச அச்சுல விரிசல். அதுக்குள்ள வெள்ளி ஏறியிருக்கு."

"கதை விடாதம்மா. இதே வருஷத்துக் காசு என்கிட்ட இன்னும் இருபத்துமூணு இருக்கு. ஒண்ணுலயாவது கோடு இருக்கா, காட்டு!" கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவை அவள் முன்னால் தள்ளினார்.

விளிம்பை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் திருப்பினாள். அவளுக்கு அவசரமே இல்லை. வியர்த்ததெல்லாம் அண்ணனுக்குத்தான். கடைசியில் மூன்றைத் தனியே எடுத்து வரிசையாக வைத்தாள்.

முதல் காசில், விளிம்போரம் ஒரு மயிரிழை. அடுத்ததில் அது கிரீடத்தைத் தொட்டது. மூன்றாவதில் நெற்றிக்கு இறங்கியிருந்தது. நாலாவதாக, சண்டைக்குக் காரணமான காசை வைத்தாள். காது வரை. ஒரே இடம், ஒரே வளைவு.

அண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாஷர் அடிக்கும் பிரஸ்ஸில் நாள் முழுக்க நிற்பவன் அவன். எத்தனை அச்சு வெடித்துப் பார்த்திருக்கிறான்! நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் கையில், அடிக்கு அடி விரிசல் விட்டுக்கொண்டே போன இரும்பு, இதோ இந்த மேஜையில் அவன் கண்ணெதிரே விட்டுக்கொண்டிருந்தது. அதை வரிசைப்படுத்தி வைத்தவள் அவன் கூடப் பிறந்தவள்.

டாக்டர் லென்ஸிலிருந்து நிமிரவேயில்லை. "இத்தனை வருஷம் என் டப்பாவுலயா இருந்துச்சு?"

"உங்க பல்லை நீங்களே பார்த்துக்க முடியுமா சார்?" என்றாள் தங்கை.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "நாளைக்குச் சீக்கிரமா வந்துடும்மா. இதையெல்லாம் மதிப்புச் சீட்டுல நீதான் எழுதணும்."

"இதுக்கப்புறம் அடிச்ச காசும் இருக்குமா?" டாக்டர் குரல் தாழ்ந்திருந்தது.

"அதை எங்க அண்ணன்கிட்டக் கேளுங்க. அச்சு எவ்வளவு தாங்கும்னு அவருக்குத்தான் தெரியும்."

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான்.