பதினொன்றே காலுக்கு ஓடிய நெஞ்சு

என் நெஞ்சுக்கு ஆஸ்பத்திரி என்றால் அப்படி ஒரு பயம். எஸ்டேட்டில் தேயிலை மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறும்போது தறிகெட்டு ஓடும், கண் இருட்டும். இருபது எண்ணுவதற்குள் அந்த ஓட்டம் தானாகவே நின்றுவிடும். குன்னூருக்குப் போய் ஈசிஜி எடுத்தால் நார்மல். ஒரு தடவை அல்ல, நான்கு தடவை.

"வாயு புள்ள அது" என்று வீட்டுக்காரர் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார். சூப்பர்வைசர் ஒரு படி மேலே போனார். "மேட்டக் கண்டா மட்டும் உனக்கு நெஞ்சு ஓடுதே!" எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்கள்ளி என்று பெயர் வாங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் டாக்டர் என் மார்பில் வயர்களை ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டார். "எப்பவும் போல வேலை செய்யுங்க. மிஷின் மட்டும் நனையக் கூடாது."

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் நனையாமல் இருப்பதா? மேகமூட்டத்துக்குள் கை நீட்டினாலே சட்டை ஈரம். வீட்டுக்காரர் எனக்கு லீவு சொல்லி, கதவைச் சாத்தி, பிள்ளை பெற்றவளைப் போலக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். நெஞ்சு சமர்த்தாக இருந்தது. ரிப்போர்ட்டும் நார்மல்.

"மிஷினே சொல்லிருச்சு பாரு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேட்டில் வருவதைக் கட்டிலில் தேடினால் கிடைக்குமா? டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி மறுபடியும் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். நெஞ்சு ஓடினால் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார். இலை எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி, பெட்டியைச் சுற்றி ஸ்வெட்டருக்குள் வைத்தேன். வீட்டில் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

பாதி மேட்டில் வந்தது. மூட்டை உருண்டு இலை சிதறியது. செடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மனசுக்குள் 'வந்தாயா, வா' என்றுதான் இருந்தது.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமாங்க. மணி என்னங்க?"

"பதினொண்ணே கால்" என்றார் எரிச்சலோடு. அதற்குள் நெஞ்சின் ஓட்டம் அடங்கியிருந்தது.

மறுநாள் டாக்டர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். ஒழுங்காகப் போன கோடு ஓரிடத்தில் அகல அகலமாக எகிறி, மறுபடி ஒழுங்காகியிருந்தது. "இது வாயு இல்லீங்க. இதயத்தோட கீழறையில கெளம்புற ஆபத்தான துடிப்பு. இதுவரைக்கும் தானா நின்னுருக்கு. ஒருநாள் நிக்காமயும் போகலாம். நல்லவேளை, புடிச்சுட்டோம்." கோட்டுக்குக் கீழே நேரம்: பதினொன்றே கால்.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிழைப்பேன் என்ற சிரிப்பு பாதி, ஜெயித்த சிரிப்பு பாதி.

பிறகு ஸ்கேன், மாத்திரை, மேடு ஏறத் தேவையில்லாத நாற்றங்கால் வேலை எல்லாம் வந்தன. அதற்கு முன்னால், காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அன்னைக்கு நீங்க மணி சொன்னீங்கல்ல, அதுங்க."

டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா."

அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்தேன்.