யுவராணி ஏற்றும் கூண்டு

"ம்மா, இன்னிக்கி மூணாம் நம்பரு" என்று அறிவித்துவிட்டு யுவராணி முகம் கழுவப் போகிறாள். அம்மா தனக்கோடி எட்டி டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றக் கிளம்பிக்கொண்டிருக்கும் பலராமன், "படிச்சியா பாப்பா" என்று மகளைக் கேட்க வாயெடுத்தவர், அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார். அறிவிப்பு வந்தபிறகு கேள்வி கேட்பது அந்த வீட்டில் சட்டவிரோதம்.

துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டைப் பரீட்சைப் பயத்துக்கும் ஏற்றலாம் என்று கண்டுபிடித்த பெருமை மரக்காணம் உப்பளக் கரையில் யுவராணி ஒருத்தியையே சேரும். ஒன்றாம் நம்பர் என்றால் லேசான கலக்கம், வழக்கம்போல் பேசலாம். மூன்று என்றால் சாப்பிட்டாயா என்று கேட்கலாம், படித்தாயா என்று கேட்கக் கூடாது. ஏழில் உறவினர் வருகை தடை செய்யப்படும். பத்தில் மிக்சி ஓடாது, அம்மியில்தான் சட்னி. பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்; சோற்றை மூடி வைத்துவிட்டு ஓசையில்லாமல் நகர்ந்துவிட வேண்டும். மூன்று வருடத்தில் பதினொன்று ஏறியது இரண்டே முறை. இரண்டும் ரிசல்ட் வந்த நாட்கள். இரண்டும் ஒரே பேப்பர், பிசிகல் கெமிஸ்ட்ரி.

வயது இருபது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், கடைசி வருடம். காலை பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட்டின் பின்பக்கத்தில் சூத்திரம் எழுதுவாள். அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் அவளுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகக் கிழித்துக் கொடுப்பார்கள். ஐடி கார்டை ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டாள். பேச்சுக்கு நடுவே அதைத் திருப்பித் தன் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

அதற்குக் காரணம் உண்டு. அட்மிஷன் லிஸ்டில் இவளுக்கு நாலு பெயர் மேலே இன்னொரு யுவராணி இருந்தாள். அவள் வந்து சேரவே இல்லை. "அந்த சீட்டு அவளுதும்மா. மாத்திப் போட்டுட்டாங்க. ஒருநாளு வந்து கேப்பா பாரு" என்று இவள் சொல்வாள். முகம் தெரியாத அந்தப் பெண் இந்நேரம் எங்காவது கல்யாணம் கட்டிக்கொண்டு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் மார்க் குறைகிற நாளெல்லாம் அவள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிடுகிறாள்.

பிசிகல் கெமிஸ்ட்ரியில் முதல் தடவை கேள்வி வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. உப்புக் கரைசலில் படிகம் உருவாவதைப் பாதிக்கும் காரணிகளை விளக்குக, பத்து மதிப்பெண். பிறந்ததிலிருந்து அதைத் தவிர வேறெதையும் பார்க்காத பெண். பேனா பறந்தது. காற்று வறண்டு அடித்தால் சீக்கிரம் உப்பு பூக்கும், மூட்டம் போட்டால் பூக்காது, நாலு தூறல் விழுந்தால் ஒரு வாரப் பாடு கரைந்தது, குத்தகைக்காரர் வரப்பில் வந்து நின்றால் விளைச்சல் கூடும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு பக்கம் தீட்டினாள். பிறகு விடைத்தாளின் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்தபோது, குத்தகைக்காரருக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி நின்றது, ஆள் உயரத்துக்கு.

விஷயத்தைக் கேட்ட தனக்கோடி திருத்தியவரைப் பற்றியே சந்தேகப்பட்டாள். "தண்ணி வத்துனா உப்பு. இதுக்குப் போயி பத்து மார்க்கா? அப்போ நாங்க தெனம் நூறு வாங்கணுமே."

இரண்டாவது தடவை யுவராணி சொந்தச் சரக்கே வேண்டாமென்று புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தாள். பரீட்சையன்று முதல் வரி மறந்தது. இஞ்சின் வராததால் பின்னாலிருந்த பெட்டி ஒன்றும் நகரவில்லை. அப்போது ஏறிய பதினொன்று நாலு நாள் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வாய் திறந்தாள்.

"மூணாவது தபாவும் போச்சுன்னா ஷூ கம்பெனிக்கு ஆளு ஏத்துற வேன்ல ஏறிடுவேன்மா. படிப்பும் வேணா ஒண்ணும் வேணா. அந்த சீட்டுக்காரி வந்து எடுத்துக்கட்டும்."

"ஏறு" என்றாள் தனக்கோடி. "எழுதிட்டு ஏறு."

அதுவரை வகுப்பில் "புரிஞ்சுது மேம்" என்று தலையாட்டிப் பழகியவள், மறுநாளிலிருந்து பேராசிரியை தையல்நாயகியின் அறை வாசலில் சந்தேகச் சீட்டோடு நிற்கத் தொடங்கினாள். சாப்பாட்டு மணி அடித்தால் போதும், ஆள் ஆஜர்.

"இன்னிக்கி எத்தினிம்மா?" என்பார் மேடம், டப்பாவைத் திறக்காமலே.

"ஒண்ணே ஒண்ணுதான் மேம். அதுக்குள்ள ஏழு இருக்குது."

இரண்டு மாதத்தில் மேடத்துக்கு உடம்பு இளைத்தது. சீட்டில் சந்தேகமும் இளைத்தது.

நவம்பர் வந்தது. பரீட்சைக்கு முந்தின நாள், வரலாற்றில் முதல்முறையாக, வெறும் ஒன்றாம் நம்பர் என்று அறிவித்தாள். அன்று மாலையே புதுச்சேரித் துறைமுகத்தில் நிஜக் கூண்டு ஐந்துக்கு ஏறியது, பரீட்சை தள்ளிப்போனது. "நான் எறக்குனா அவங்க ஏத்துறாங்க" என்று யுவராணி அதை அரசாங்கத்தின் நேரடித் தலையீடாகவே எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் மழை. உப்பளமெல்லாம் ஏரியானது. பெற்றவர்கள் இருவரும் வேலையில்லாமல் எதிரே உட்கார்ந்து, அவள் பக்கம் புரட்டுவதைப் பட்டாசுத் திரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கல்லூரிப் பறக்கும் படையும் அப்படிப் பார்த்ததில்லை.

நாலாம் நாள் ஹாலில் அதே கேள்வி, எட்டு மதிப்பெண்ணுக்கு இளைத்து வந்திருந்தது. வெப்பநிலை, செறிவு என்று புத்தகத்தின் நாலு காரணிகளையும் படத்தோடு எழுதினாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, ஐந்தாவதாகக் காற்றையும் ஒரு வரி சேர்த்தாள். விட மனசு வரவில்லை. குத்தகைக்காரரை மட்டும் விட்டுவிட்டாள்.

ரிசல்ட் வந்தது ஜனவரிக் கடைசியில், ஒரு சனிக்கிழமை. தண்ணீர் வடிந்து, புது உப்புக்குப் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தும் நாட்கள் அவை. யுவராணியும் தனக்கோடியோடு சேற்றில் மிதித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் கவருக்குள் போன். பதினோரு மணிக்கு அது துடித்தது. பதிவெண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. ஐம்பத்தேழு. பாஸ்.

கவரோடு அம்மாவிடம் நீட்டினாள். தனக்கோடிக்கு இங்கிலீஷ் தெரியாது; மகளின் முகம் தெரியும். அடுத்த கணம் அவள் குரல் பாத்திகளைத் தாண்டிப் போனது. "ஏ அஞ்சம்மா, எம்பொண்ணு பாஸு. கஷ்டமான பேப்பராம். எங்க பாப்பா மொத தபாவுலயே பாஸு."

அஞ்சம்மாள் மிதிப்பதை நிறுத்தினாள். கூட மிதித்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். "மொத தபாவுலயேவா? மெய்யாலுமாடி யுவராணி?"

தனக்கோடி மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்: ஆமான்னு சொல்லிடுடி.

யுவராணி முழங்கால் சேற்றோடு வரப்பின்மேல் ஏறி நின்றாள். கடைசிப் பாத்திக்கும் தெரியும்படி வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மூன்று விரல்களை விரித்துக் காட்டினாள்.